ஏழு இணை மொட்டுகள்

நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக வரைந்தேன். அந்தப் படம் அச்சேறியது. அதை நம்பிய ஒருவர் தம் பட்டத்தை இழந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவது பெரும்பாலும் நன்றிதான். அதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை நல்லவள் என்று எண்ணிவிடக் கூடாது. நன்றியும் நிஜம். செய்ததும் நிஜம்.

என் பெயர் எஸ்தர். தேனிக் கடைத்தெருவில் அப்பா எழுதுபொருளும், கிளிசரின், ஸ்பிரிட், தைலம் என்று சில்லறை மருந்துச் சரக்கும் விற்றார். பத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கொழும்புக்குப் போனார். இரண்டு கடிதம் வந்தது. அதன் பின் ஒன்றும் வரவில்லை. நான் அப்பா வீட்டுக்கே திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் கேட்பார்கள். "கொழும்புல இருந்து எதுவும் தாக்கல் வந்துச்சா எஸ்தரு?" அக்கறையோடுதான் கேட்பார்கள். ஒன்பது வருஷம் அதே அக்கறையோடு கேட்டார்கள். குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அப்போதுதான் அன்னம்மா மிஸ் எங்கள் கடைக்கு வந்தார்.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவர் விலங்கியல் ஆசிரியை. சொந்த ஊர் திருவிதாங்கூர். என்னைவிட இரண்டு வயது மூத்திருப்பார், அவ்வளவுதான். போடி ரயிலில் வந்து இறங்கியவர், நேரே கடைக்கு வந்து வாயகன்ற கண்ணாடிக் குப்பிகளும் கிளிசரினும் கேட்டார். எதற்கென்று அப்பா விசாரித்தார். தவளை, தேரை, ஓணான், அரணை இவற்றின் குடலில் இருக்கும் புழுக்களைப் போட்டு வைக்க என்றார் மிஸ்.

அப்பா சிரிக்கவில்லை. "மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. வடக்குப் பாத்த சன்னல். வெளிச்சம் நல்லா வரும். இருந்துக்கங்க" என்றார்.

அன்று முதல் விடுமுறை தோறும் அவர் எங்கள் மாடிக்கு வரலானார். ஒரு நாள் காப்பி கொண்டுபோன நான், அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். முன்னால் பித்தளை மைக்ராஸ்கோப். பக்கத்தில் ஒரு தாள், அதில் வளைந்து நெளிந்த ஒரு கோடு. கோழி கீறியது போல இருந்தது.

"என் கைக்கு இது வராது" என்றார். பிறகு, அலமாரியில் இருந்த குப்பியைக் காட்டி, "இந்தச் சீட்டு எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் மிஸ்."

அவர் எழுந்தார். தம் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "எஸ்தரே, இங்கே இருந்து ஒண்ணு நோக்கு."

யாரும் எனக்காக எழுந்து நாற்காலி கொடுத்ததில்லை. அந்த நாற்காலியின் பிரம்பு என் முழங்கை பட்டு வழுவழுப்பாகும் வரை நான் அதில் உட்கார்ந்திருந்தேன்...

வேலை எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்ததன் கனம் தெரியாது.

தவளையின் குடலை உப்புத் தண்ணீரில் விரித்தால், வெள்ளை நூல்துண்டுகள் போலப் புழுக்கள் நெளியும். சிலவற்றின் நீளம் ஓர் அரிசியில் பாதிகூட இராது. சுடவைத்த ஸ்பிரிட்டில் போட்டால் நிமிர்ந்துகொள்ளும். கிளிசரினில் ஊறினால் கண்ணாடி போலத் தெளியும். அதன் பிறகே உள்ளிருப்பது தெரியும். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே நூல். இன்ன புழு என்று பெயர் சொல்ல வேண்டுமானால் ஆண் புழு வேண்டும். அதன் வால்பக்கம் வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு வகையில், வாலுக்குச் சற்று முன்னே வயிற்றுப்புறத்தில் இரண்டு வரிசையாகச் சிறு மொட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் இதழ் விரிந்த பூ மாதிரி. எத்தனை இணை மொட்டு என்பதை வைத்து இது பழைய இனமா, புதியதா என்று தீர்மானிப்பார்கள்.

மைக்ராஸ்கோப்பின் மேல் பொருத்தும் ஒரு சிறு கண்ணாடி இருந்தது. அது புழுவின் உருவைத் தாளின் மேல் விழச் செய்யும். அதன் மேல் பென்சிலை ஓட்டுவேன். மிஸ் எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. "கண்டதை வரை. காணாததை விட்டுவிடு. வெறும் இடம் குற்றமில்லை."

நான்கு வருஷம் அந்த விதியை மீறவில்லை. சத்தியமாக மீறவில்லை.

எங்களுக்குத் தவளை கொண்டுவந்தவர் ஒச்சு. வருசநாட்டுப் பக்கம், கடமலைக்குண்டுக்கு மேலே, ஓடைக்கரையில் மொச்சையும் சோளமும் விதைத்தவர். சந்தைக்கு வரும்போது ஈரத்துணி கட்டிய மண்பானையோடு கடைக்கு வருவார். "மிஸ்ஸம்மா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுப் பானையைப் படியில் வைப்பார். ஒருமுறை என்னிடம் மெல்லக் கேட்டார்: "தவக்கா வகுத்துக்குள்ள அப்பிடி என்னதேன் இருக்கு தாயி? வெள்ளக்காரன் கேக்குறானா?" இல்லை, மிஸ் தாமாகவே கேட்கிறார் என்றேன். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் இரண்டு பானை கொண்டுவந்தார்.

அந்த ஓடைத் தவளை ஒன்றின் குடலில்தான் அந்தப் புழு கிடைத்தது. பெண் புழுக்கள் பதினொன்று. ஆண் ஒன்றே ஒன்று.

மிஸ்ஸுக்கு மூச்சு வாங்கியது. "இது இதுவரை யாரும் எழுதாததா இருக்கலாம்" என்றார். மறுநாள் அவர் கம்பத்துக்குப் போக வேண்டியிருந்தது. வாழைத்தோட்டத்தில் ஒருவர் அரணைகளைப் பிடித்து வைத்திருந்தார். ஆண் புழுவை என்னிடம் விட்டுப் போனார். "நீ வரைந்துவை. நான் வந்து எண்ணிக்கொள்கிறேன்."

காலையிலிருந்து வரைந்தேன். தலை, தொண்டை, வாலருகில் உள்ள இரு முட்கள் எல்லாம் சரியாக வந்தன. அவை இன்றும் சரிதான். மொட்டுகள் மட்டும் பக்கவாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன. புழுவைப் புரட்டி வயிற்றை மேலே கொண்டுவர வேண்டும். புழுவை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடிச் சில்லின் ஓரத்தை ஊசியால் மெல்லத் தள்ளினால் புழு உருளும். நூறு தடவை செய்திருக்கிறேன்.

கை நடுங்கியது என்று உங்களிடம் சொல்லிவிட ஆசைதான். நடுங்கவில்லை. யாரும் கீழிருந்து கூப்பிடவும் இல்லை. மிஸ் வருமுன் முடித்துக் காட்ட வேண்டும், அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம். தள்ளுவதற்குப் பதில் அழுத்திவிட்டேன்.

வால் நசுங்கிற்று. மொட்டு இருந்த இடத்தில் ஒரு கலங்கல்...

நான் செய்திருக்க வேண்டியது என்ன? அந்த இடத்தை வெறுமையாக விட்டு, "நசுக்கிவிட்டேன் மிஸ்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கோபித்திருக்க மாட்டார். ஒச்சு இன்னொரு பானை கொண்டுவந்திருப்பார். எனக்கு இது அப்போதே தெரியும்.

ஆனால் நான் மிஸ்ஸின் புத்தகத்தைத் திறந்தேன். அதே வகைப் புழு ஒன்றின் படம் இருந்தது. அதற்கு ஆறு இணை. ஆறு என்று வரைந்தால் நம்முடையது பழைய புழு என்றாகிவிடுமோ? பக்கவாட்டில் பார்த்தபோது ஏழு போலத் தெரிந்ததே... தெரிந்ததா? தெரிந்தது என்று என்னை நானே நம்பவைத்தேன். மிக அழகாக, ஏழு இணை மொட்டுகளை வரைந்தேன். என் கையிலிருந்து வந்தவற்றில் அத்தனை நேர்த்தியான படம் வேறு இல்லை.

மிஸ் மாலை வண்டியில் வந்தார். புழு நசுங்கிவிட்டது என்றதும் முகம் வாடியது. "வரைஞ்சு முடிச்ச பிறகுதான் மிஸ்" என்றேன். படத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைச் சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தலையில் கைவைத்தார்.

அடுத்த வருஷம் மிஸ்ஸின் கட்டுரையோடு கல்கத்தாவிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை வந்தது. புதிய இனம். அதற்கு மிஸ் என் பெயரை வைத்திருந்தார். 'எஸ்தர்' என்பதன் பின்னால் லத்தீன் ஒட்டு ஒன்று. படத்தின் கீழே, "வரைந்தவர்: எஸ்தர், தேனி." அப்பா அந்தப் பத்திரிகையைக் கடையில் மைக்கூடுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தாள் வாங்க வந்தவர், தைலம் வாங்க வந்தவர் எல்லோருக்கும் காட்டினார்.

"எம்மக பேரு வச்சிருக்காக."

"எதுக்கு?"

"ஒரு புழுவுக்கு."

வந்தவர்கள் விழித்தார்கள். அப்பா அதைச் சட்டை செய்யவில்லை. அந்த ஞாயிறு முதல் பெண்கள் கொழும்பைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "மதுரை மிஸ்ஸு எப்ப வாராக?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இதையெல்லாம் நான் எப்படி வேண்டாம் என்று தள்ளுவேன், சொல்லுங்கள். பெற்ற ஒவ்வொன்றும் எனக்கு இனித்தது. இனித்த ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் கலங்கல் கிடந்தது.

இரண்டு வருஷம் போயிற்று. மிஸ் தம் ஆராய்ச்சியை எல்லாம் தொகுத்து ஒரு பட்டத்துக்காக அனுப்பியிருந்தார். அதே சமயம் வடக்கே ஒரு நகரத்துப் பேராசிரியர், இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே தவளைகளை வரவழைத்துப் பார்த்துவிட்டு, மொட்டுகள் ஐந்து இணைதான், ஏழு என்ற படம் கற்பனை என்று எழுதிவிட்டார். பட்டத்துக்கு மதிப்பிட்டவர்கள் மிஸ்ஸிடம் கேட்டார்கள்: புழுவைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.

காட்டுவதற்குப் புழு இல்லை. நசுங்கிய வால்தான் இருந்தது. புதிதாகத் தவளை பிடித்துத் தேட அவர்கள் தந்த நாள் போதாது.

மிஸ் விடுமுறை இல்லாத நாளில் போடி ரயிலில் வந்தார். மாடிக்கு வரவில்லை. கடைக்குள் நின்றபடியே கேட்டார். "எஸ்தரே, ஒரு காரியம். நீ எண்ணிப் பார்த்துத்தானே வரைஞ்ச?"

அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். மைக்கூடுகளின் அருகில் அந்தப் பத்திரிகை கிடந்தது. கதவு திறந்தே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்லி நான் வெளியே வந்திருக்கலாம்.

"எண்ணினேன் மிஸ். ரெண்டு தடவை."

"மதி" என்றார், போதும் என்பதற்கு அவர் ஊர்ச் சொல். "எனக்கு அது மதி." அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போனார்.

அந்தப் பகுதியை எடுக்க அவர் மறுத்துவிட்டார். எஸ்தர் கண்டால் நான் கண்டதுதான் என்று எழுதிவிட்டாராம். பட்டம் கிடைக்கவில்லை. கல்லூரியில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போனார்கள். இதை அவர் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த விடுமுறையில் வழக்கம் போல் வந்து, "இந்தத் தடவை ஓணான் பார்க்கலாம்" என்றார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்தேன்?

பிறகு யுத்தம் வந்தது. போடி லைன் தண்டவாளத்தை யுத்தத் தேவைக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். மிஸ்ஸின் தாயாருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, அவர் கல்லூரியை விட்டுவிட்டுக் கோட்டயம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். மைக்ராஸ்கோப்பை என்னிடம் விட்டுப் போனார். "உன் கண்ணுக்குத்தான் இது உபகாரம்" என்றார். கிறிஸ்துமஸ் தோறும் கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் என் படங்களுக்கு நன்றி சொல்லியிருப்பார்.

அப்பா இறந்துபோனார். கடையை நான் பார்த்துக்கொண்டேன். யுத்தம் முடிந்த பின் ஒரு சந்தை நாளில், மகளுக்குச் சிலேட்டு வாங்க ஒச்சு வந்தார். தலை நரைத்திருந்தது.

"மிஸ்ஸம்மா இனி வரமாட்டாகளா?"

"தெரியலைண்ணே" என்றேன். சட்டென்று கேட்டேன். "அந்த ஓடைத் தவளை இன்னும் கிடைக்குமா?"

"அங்கன நெறையக் கெடக்கு. எத்தன வேணும்?"

"ஆண் புழு கிடைக்கிற வரைக்கும்."

"அது வெளிய இருந்து எப்பிடித் தாயி தெரியும்?"

"தெரியாது."

அவர் யோசித்தார். "அப்ப சலிக்காம கொண்டாரேன்" என்றார்.

ஆறு வாரம் கொண்டுவந்தார். கடையைப் பகலில் ஒரு மணி நேரம் சாத்திவிட்டு மாடியில் பார்த்தேன். என் மனத்தில் ஒரு நப்பாசை இருந்தது. நான் ஊகித்தது சரியாகவே இருந்துவிட்டால்? ஏழே இருந்துவிட்டால்? கடவுளிடம் அதற்காக ஜெபம்கூடச் செய்தேன். ஒரு புழுவின் வயிற்றில் இரண்டு இணை மொட்டு கூடுதலாக வேண்டும் என்று ஜெபித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்று ஆண் புழுக்கள் கிடைத்தன. அழுத்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினேன். வயிறு மேலே வந்தது.

ஐந்து. மூன்றிலும் ஐந்து இணை.

புத்தகத்துப் புழுவுக்கு ஆறு. இதற்கு ஐந்து. அப்படியென்றால் இது முதலிலிருந்தே புதிய இனம்தான். உண்மையே மிஸ்ஸுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது... நான் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்றே சரியாக வரைந்தேன். மூன்று புழுக்களையும் குப்பியில் இட்டு, படத்தோடு குமுளி வழியாகக் கோட்டயத்துக்கு அனுப்பினேன். கடிதத்தில் எழுதியது ஒரே வரி: "அதே ஓடை, அதே தவளை." மிஸ் புரிந்துகொள்வார், நான் வாயால் சொல்ல வேண்டியிராது என்று நினைத்தேன். கோழையின் கணக்கு அது.

பத்தாம் நாள் பதில் வந்தது. நான்கு பக்கம். மிஸ்ஸின் எழுத்து அப்படித் துள்ளி நான் பார்த்ததில்லை. ஒரே தவளையில் இரண்டு இனங்கள் வாழ்கின்றன என்று அவர் முடிவு கட்டியிருந்தார். வடக்கத்திப் பேராசிரியர் கண்டது இந்த ஐந்து இணைப் புழு, நாம் கண்டது ஏழு இணைப் புழு, இருவர் சொன்னதும் சரி என்று எழுதியிருந்தார். "நீ என்னைக் காப்பாற்றிவிட்டாய் எஸ்தர். நான் மறுபடியும் பட்டத்துக்கு எழுதப்போகிறேன். இந்தப் புதிய புழுவுக்கு உன் அப்பா பெயரை வைக்கட்டுமா?"

கடையைச் சாத்தினேன். அவரை ஒருமுறை விழவைத்தேன். எழுந்து நடக்கப்போகிறவரை இரண்டாம் முறையும் அதே கல்லில் இடறவைப்பதா?

அன்று பிற்பகல் எல்லாவற்றையும் எழுதினேன். ஊசியை, அவசரத்தை, புத்தகத்தின் ஆறை, கடையில் நின்று நான் சொன்ன "ரெண்டு தடவை"யை. மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன். நன்றியும் சொன்னேன். இரண்டையும் ஒரே தாளில் எழுதக் கூசியது. ஆனாலும் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து கடையைத் திறந்தேன்.

பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் இல்லை.

அடுத்த வருஷம் ஒரு மெல்லிய உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. பத்திரிகையிலிருந்து எடுத்த ஒரே பக்கம். மொட்டுகள் ஐந்து இணை என்ற திருத்தம், என்னுடைய புதிய படம், அதன் கீழே பழையபடி என் பெயர். இனத்தின் பெயரையும் அவர் மாற்றவில்லை. மேலே ஒரு வாக்கியம்: "முன்னைய படத்தில் மொட்டுகளை எண்ணியதில் நேர்ந்த பிழை முழுவதும் கட்டுரை ஆசிரியராகிய என்னுடையது."

அந்தப் புழுவின் மொட்டுகளை மிஸ் ஒருமுறைகூட எண்ணியதில்லை. எண்ணுவதற்கு நான் விட்டுவைக்கவில்லை.

அவர் ஏன் அப்படி எழுதினார்? என்னைக் காக்கவா? ஆசிரியர் என்று பெயர் போட்டவர்தான் பொறுப்பு என்ற அவருடைய முறையா? என் முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று முடித்துக்கொண்டாரா? எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. பட்டத்துக்கு அவர் மறுபடி எழுதவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

கல்கத்தாவுக்கு நானே எழுதிவிடலாம் என்று பலமுறை தாளை எடுத்திருக்கிறேன். என்ன எழுதுவேன்? பிழை என்னுடையது என்றால், அவர் அச்சில் சொன்னது பொய் என்றாகும். கண்டதை மட்டுமே எழுதியவர் அவர். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பொய் அது. அதை எழுதவைத்தவள் நான். அதைப் போய் நானே உடைப்பதா? உடைக்காமல் அதன் நிழலில் இருப்பதா?

ஆகவே பத்திரிகைக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. அந்த உரிமை உங்களுடையதல்ல, உடையவர் பேசவும் இல்லை.

மிஸ் எனக்கு ஒரு கண்ணைக் கொடுத்தார். ஊரில் ஒரு பெயரைக் கொடுத்தார். என் குற்றத்தையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். காலையில் கடை திறக்கும்போது அவருக்காக ஜெபிக்கிறேன். நன்றி என்று தொடங்குகிறேன். மன்னிப்பு என்ற அடுத்த சொல் வருவதற்குள் யாராவது தாள் கேட்டு வந்துவிடுகிறார்கள். வராவிட்டாலும் அந்தச் சொல் வருவதில்லை.